காவலின் அறிக்கையையே மறிக்கும் காவல்: மின்னஞ்சல் வழங்கி ஏன் மௌனமாகிறது?

வன்னியில் ஒரு கடிதத்தின் பிரதி தொலைவது சின்ன விஷயமல்ல. 2009 இடம்பெயர்வில் காணி அனுமதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவர்கள், தாங்கள் யார், காணி யாருடையது என்று நிரூபிப்பதற்காகப் பிறகு வருடக்கணக்கில் அலைந்தார்கள். இன்று அப்படியான கடிதங்களில் பெரும்பகுதி மின்னஞ்சலில் போய் வருகிறது. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய மனு, பிரதேச செயலகத்தின் பதில், வெளிநாட்டு உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பும் ஆவணம், விசாரணைக்கு வரச்சொல்லும் அழைப்பு எல்லாமே ஒரு மின்னஞ்சல் பெட்டிக்குள் கிடக்கின்றன.

அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு காவல் இருக்கிறது. வைரஸ், மோசடிக் கடிதம், குப்பை விளம்பரம் எதுவும் உள்ளே வராமல் பார்ப்பது அதன் வேலை. எதை மறித்தது, எதை விட்டது என்று ஒவ்வொரு நாளும் அது ஓர் அறிக்கையும் எழுதும். அந்த அறிக்கையை அதே காவலே பிடித்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி, அதாவது சேர்வர், வைத்திருக்கும் சிறிய அமைப்புகளும் செய்தித் தளங்களும் அறக்கட்டளைகளும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

"பிரச்சினை ஒண்டும் இல்லைப் போல"

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் இருக்கிறது முரசுமோட்டை. அங்கே ஒரு சிறிய சமூக அமைப்பு குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, பதில்களைச் சேர்த்து வைக்கிறது. அவர்களின் மின்னஞ்சல், வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்த வழங்கி ஒன்றில் ஓடுகிறது. அதை நிறுவிய பொடியன் இப்போது நாட்டில் இல்லை. நான் ஊடகத்துறை படித்தவன், கணினியோடு பழக்கம் உண்டு என்பதால் ஏதும் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் போனபோது பொறுப்பாக இருக்கும் அக்கா சொன்னார்: "தம்பி, முந்தி ஒவ்வொரு நாளும் காலமை அந்த இங்கிலிஷ் ரிப்போர்ட் வரும். இப்ப மூண்டு கிழமையா வரேல்லை. பிரச்சினை ஒண்டும் இல்லைப் போல."

வழங்கிக்குள் போய்ப் பார்த்தோம். அறிக்கை ஒரு நாளும் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. எல்லாம் வடிகட்டியின் தனிமைப்படுத்தல் கோப்புறைக்குள் கிடந்தன. அவற்றைத் திறந்து வாசித்தபோது ஒன்றில், ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் மறிக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தது. இணைக்கப்பட்டிருந்த பழைய வகை வேர்ட் கோப்பினுள் மேக்ரோ இருந்ததால் வடிகட்டி அதைச் சந்தேகித்திருந்தது. அந்தக் கடிதம் ஒரு தாயை விசாரணைக்கு அழைத்த கடிதம். திகதி கடந்துவிட்டது. மறுபடி திகதி கேட்டு எழுத வேண்டியதாயிற்று.

மறித்த கடிதத்தைப் பற்றி வடிகட்டி ஏன் எவருக்கும் தனியாகச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வைரஸ் கடிதங்களில் அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் பொய்யானது. ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பினால் சம்பந்தமே இல்லாதவர்களின் பெட்டிதான் நிறையும். ஆகவே பல வழங்கிகளில், மறித்ததை ஓசையில்லாமல் ஒதுக்கி வைத்துவிட்டு நாளாந்த அறிக்கையில் மட்டும் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். தவறுதலாகப் பிடிபட்ட நல்ல கடிதத்தை மீட்பதற்கு உள்ள ஒரே வாசல் அந்த அறிக்கைதான்.

தடைப்பட்டியலைக் கொண்டுபோனவரைப் பிடித்த கதை

வடிகட்டி ஏன் தன் சொந்த அறிக்கையைப் பிடிக்கிறது?

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை நினைத்துப் பாருங்கள். பற்றரி, சீமெந்து, யூரியா என்று வன்னிக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. சோதனைச் சாவடியில் நிற்கும் ஒருவருக்கு வாசிக்க மட்டுமே தெரியும், யோசிக்கத் தெரியாது என்று வையுங்கள். எந்தத் தாளில் "பற்றரி" என்ற சொல் இருந்தாலும் பறிக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு. அப்படியென்றால் அவர் முதலில் பறிக்கப்போவது, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைத்தான்.

வடிகட்டி செய்வதும் இதுவே. வைரஸ் தேடும் கிளாம்ஏவி போன்ற மென்பொருள், ஏற்கெனவே அறியப்பட்ட தீய கோப்புகளிலும் மோசடிக் கடிதங்களிலும் உள்ள துண்டுகளைத் தன் பட்டியலோடு ஒப்பிடுகிறது. குப்பை அஞ்சல் தேடும் ஸ்பாம்அசாசின், கடிதத்திலுள்ள ஒவ்வொரு சந்தேகத்துக்கும் புள்ளி போடுகிறது. வழக்கமான அமைப்பில் 5 புள்ளி வந்தால் அது குப்பை. கடிதத்தின் உடலில் உள்ள இணைய முகவரிகள் கறுப்புப் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் அது தேடும்.

இப்போது நாளாந்த அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று மறிக்கப்பட்ட கடிதங்களின் தலைப்புகள், மோசடித் தளங்களின் முகவரிகள், வைரஸ்களின் பெயர்கள் எல்லாம் அந்த ஒரே தாளில் வரிசையாக இருக்கும். நூறு குப்பைக் கடிதங்களின் சந்தேகங்களை ஒரே கடிதம் சுமக்கிறது. வழங்கி அதிகம் தாக்கப்படும் நாட்களில்தான் அறிக்கையும் நீளமாகிறது, பிடிபடும் வாய்ப்பும் கூடுகிறது. அறிக்கை மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது வராமல் போகும். அத்துடன் நேற்றைய அறிக்கை மறிக்கப்பட்ட செய்தியும் இன்றைய அறிக்கைக்குள் ஏறும். ஒருமுறை பிடிபடத் தொடங்கினால் தானாக விடுபடாது.

தீங்கைப் பற்றிச் சொல்வதையும் தீங்கையும் பிரித்தறிய முடியாத இந்தக் குணம் பெரிய தளங்களிலும் உண்டு. 2016 செப்டெம்பரில் பேஸ்புக், வியட்நாம் போரில் நேபாம் குண்டிலிருந்து ஓடும் சிறுமியின் உலகறிந்த படத்தை நிர்வாணம் என்று நீக்கி, எதிர்ப்பு எழுந்தபின் திருப்பிப் போட்டது. 2017இல் யூடியூப்பின் தானியங்கி முறை, சிரியப் போரின் குற்றங்களை ஆவணப்படுத்திய ஏராளமான காணொளிகளைத் தீவிரவாத உள்ளடக்கம் என்று அகற்றியது. போரின் சாட்சியங்களைச் சேர்த்து வைப்பவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. வித்தியாசம் என்னவென்றால், அங்கே முடிவெடுப்பது நிறுவனம். சொந்த வழங்கியில் முடிவு எங்கள் கையில் இருக்கிறது.

வடிகட்டி வேண்டாமா?

வேண்டும். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸும் 2000 மே 4இல் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ வைரஸும் மின்னஞ்சலில்தான் உலகைச் சுற்றின. வைரஸ் இல்லாமலே கடிதங்களைக் கொட்டி ஒரு வழங்கியை முடக்கவும் முடியும். 1998இல் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 800 மின்னஞ்சல்கள் வீதம் இரண்டு வாரங்கள் அனுப்பப்பட்ட சம்பவம், இந்த வகைத் தாக்குதலுக்கு ஆரம்பகால உதாரணமாக இணையப் பாதுகாப்பு நூல்களில் இன்றும் சொல்லப்படுகிறது. காவல் இல்லாத வழங்கி ஒரு கிழமை தாங்காது. காவலை வைத்துக்கொண்டே அதன் அறிக்கைக்கு வழிவிட வேண்டும்.

பெயரைப் பார்த்து விடாதீர்கள், வழியைப் பார்த்து விடுங்கள்

பலர் செய்யும் முதல் வேலை, அறிக்கையை அனுப்பும் முகவரியை நம்பகமான பட்டியலில் போடுவது. இது ஆபத்தானது. மின்னஞ்சலில் அனுப்புநர் பெயர் என்பது கடித உறையின் பின்புறத்தில் எழுதும் பெயர் போன்றது. கச்சேரியிலிருந்து என்று யாரும் எழுதலாம். "வழங்கி நிர்வாகி" என்ற பெயரில் வருவதையெல்லாம் சோதிக்காமல் விட்டால், மோசடிக்காரர் பாவிக்கப்போகும் முதல் பெயர் அதுதான். எல்லாருக்குமான 5 புள்ளி எல்லையை 10 ஆக உயர்த்துவதும் இதே போன்ற பிழையான வைத்தியம். ஒரு கடிதத்துக்காகப் படலையை முழுதாகத் திறக்கிற வேலை அது.

பார்க்க வேண்டியது, கடிதம் எந்த வாசலால் வந்தது என்பதை. சிறிய வழங்கிகளில் பெரும்பாலும் காணப்படும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளை உதாரணமாக எடுக்கலாம். வீட்சே வெனெமா ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது எழுதி, 1998 டிசெம்பரில் வெளிவந்தது அது. அதற்கு இரண்டு முக்கிய வாசல்கள் உண்டு. வெளியுலகிலிருந்து 25ஆம் இலக்கப் போர்ட்டால் வரும் கடிதங்களை வாங்குவது எஸ்எம்டிபிடி என்ற சேவை. வழங்கிக்குள்ளேயே பிறக்கும் கடிதங்களை எடுத்துச் செல்வது பிக்அப் என்ற சேவை. நாளாந்த அறிக்கை இந்த இரண்டாவது, உள்வாசலால்தான் கிளம்புகிறது. வெளியிலிருந்து இணையத்தால் கடிதம் அனுப்பும் எவராலும் அந்த வாசலுக்கு நேரடியாக வர முடியாது.

ஆனால் வடிகட்டியை இணைக்கும்போது, பொதுவான அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் "எல்லாக் கடிதத்தையும் வடிகட்டிக்கு அனுப்பு" என்று எழுதிவிடுகிறார்கள். அமாவிஸ் என்ற இடைத்தரகர் 10024ஆம் போர்ட்டில் கடிதங்களை வாங்கி, கிளாம்ஏவிக்கும் ஸ்பாம்அசாசினுக்கும் காட்டி, நல்லதை 10025ஆம் போர்ட்டால் திருப்பிக் கொடுக்கிறார். அந்த ஒரே வரி இரண்டு வாசலுக்கும் பொருந்துவதால், அறிக்கையும் வரிசையில் போய் நிற்கிறது.

தீர்வு இரண்டே வரி. போஸ்ட்ஃபிக்ஸின் சேவைகளைப் பட்டியலிடும் மாஸ்டர் கோப்பில், பிக்அப் சேவைக்கு நேர் கீழே அவற்றை எழுத வேண்டும். முதல் வரி, இந்த வாசலுக்கு மட்டும் உள்ளடக்க வடிகட்டி என்ற இடத்தை வெறுமையாக்குகிறது. இரண்டாவது வரி, இந்த வாசலால் வருவதன் தலைப்பையும் உடலையும் போஸ்ட்ஃபிக்ஸ் தானாகச் சோதிப்பதை நிறுத்துகிறது. உபுண்டு வழங்கியின் கையேடு, வடிகட்டி அமைக்கும் பகுதியில் இதே இரண்டு வரிகளைத் தருகிறது. ஸ்பாம் பற்றி அறிவிக்கும் கடிதங்களே ஸ்பாம் என்று கருதப்படாமல் இருக்கவே இது என்று காரணமும் சொல்கிறது. இரண்டு வரியும் சற்று இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும். ஒட்டி எழுதினால் மென்பொருள் அவற்றைப் புதிய சேவை என்று நினைத்துக் குழம்பும். எழுதியபின் போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி ஏற்ற வேண்டும்.

உள்வாசலில் இன்னொருவர் இருக்கிறாரா?

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே வழங்கியில் உங்கள் இணையத்தளமும் ஓடுகிறதென்றால், அதன் "எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்" படிவம் அனுப்பும் கடிதமும் பெரும்பாலும் இதே உள்வாசலால்தான் போகிறது. தளம் உடைக்கப்பட்டால், உள்ளே புகுந்தவர் சோதனையில்லாத வாசலால் ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதம் அனுப்பலாம். பிறகு உங்கள் முகவரி உலகக் கறுப்புப் பட்டியல்களில் ஏறி, நீங்கள் அனுப்பும் மனுக்களும் போய்ச் சேராது.

இதற்கும் வழி உண்டு. இயலுமானால் இணையத்தளத்தையும் மின்னஞ்சலையும் வெவ்வேறு வழங்கிகளில் வையுங்கள். முடியாவிட்டால், இணையப் படிவம் கடவுச்சொல்லோடு வெளிவாசலால் கடிதம் கொடுக்கும்படி மாற்றி, உள்வாசலைப் பாவிக்க எந்தெந்தக் கணக்குக்கு அனுமதி என்பதைப் போஸ்ட்ஃபிக்ஸில் குறிப்பிட்டு விடலாம். வழங்கியின் நிர்வாகக் கணக்கையும் அறிக்கை எழுதும் கணக்கையும் தவிர மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை.

இரண்டு பக்கமும் சோதியுங்கள்

மாற்றியபின் வேலை செய்கிறதா என்று பார்க்க உண்மையான வைரஸ் தேவையில்லை. எயிகார் என்று 68 எழுத்துகள் கொண்ட ஒரு சோதனை வரி இருக்கிறது. அது எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸ் என்று கூவ வேண்டும் என்பது வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் செய்வோரிடையே உள்ள உடன்பாடு. குப்பை அஞ்சலுக்கு ஜிரியூப் என்று அதுபோன்ற இன்னொரு வரி உண்டு. ஸ்பாம்அசாசின் அதற்கு 1000 புள்ளி போடும்.

இந்த வரியை வெளியிலுள்ள வேறொரு வழங்கியிலிருந்து உங்கள் முகவரிக்கு அனுப்புங்கள். அது மறிக்கப்பட வேண்டும். அதே வரியை உங்கள் வழங்கிக்கு உள்ளிருந்து அறிக்கை போகும் முகவரிக்கு அனுப்புங்கள். அது வந்து சேர வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழும்பாதீர்கள். முதலாவது பிழைத்தால் காவல் இல்லை. இரண்டாவது பிழைத்தால் அறிக்கை இல்லை.

அறிக்கை ஜிமெயிலுக்குப் போனால்?

பல அமைப்புகள் அறிக்கையைப் பொறுப்பானவரின் ஜிமெயிலுக்கு அனுப்புகின்றன. உங்கள் வாசலில் கொடுத்த விலக்கு கூகுளின் வாசலில் செல்லாது. அங்கே அதே மோசடி முகவரிகளைக் கண்டு மறுபடியும் மறிக்கலாம், அல்லது குப்பைப் பெட்டிக்குள் போடலாம். தொடர்ந்து அப்படியான கடிதங்களை அனுப்பும் வழங்கி என்று உங்கள் பெயரும் கெடலாம்.

ஆகவே முழு அறிக்கையை வழங்கிக்குள்ளேயே ஒரு பெட்டியில் வைத்து, அங்கே போய் வாசியுங்கள். வெளியே அனுப்புவது எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும்: எத்தனை வந்தது, எத்தனை மறிக்கப்பட்டது, எத்தனை தனிமைப்படுத்தலில் இருக்கிறது. முகவரிகளையும் அனுப்பத்தான் வேண்டுமென்றால், புள்ளி வரும் இடத்தில் "டொட்" என்ற சொல்லைப் போட்டு உடைத்து எழுதும்படி செய்யலாம். பாதுகாப்புத் துறையினர் தங்களுக்குள் தீய முகவரிகளைப் பரிமாறும்போது இப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னும் இரண்டு முகவரிகளைக் கவனியுங்கள். ஒன்று போஸ்ட்மாஸ்டர். ஒவ்வொரு மின்னஞ்சல் வழங்கியும் இந்த முகவரிக்கு வரும் கடிதத்தை ஏற்க வேண்டும் என்பது 1982இன் மின்னஞ்சல் விதிகளிலிருந்து இன்றுவரை தொடரும் நடைமுறை. மற்றது அபியூஸ் என்ற முறைப்பாட்டு முகவரி. உங்கள் வழங்கியிலிருந்து மோசடிக் கடிதம் வருகிறது என்று முறையிடுபவர், அந்தக் கடிதத்தையே சான்றாக இணைத்து அனுப்புவார். சாதாரண வடிகட்டி அதையும் பறித்துவிடும். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் சோதனையைத் தளர்த்தி, இணைப்புகளைத் திறக்காமல் வெறும் எழுத்தாக மட்டும் வாசியுங்கள்.

2023 சொன்ன பாடம்

சிறிய அமைப்புகளுக்கு மட்டும் வரும் தொல்லை இது என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட் 26 அளவில் லங்கா அரசாங்க முகில் என்ற அரச மின்னஞ்சல் சேவை ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவையை நடத்திய தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் அதை விரைவில் மீட்டாலும், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குப் பிரதி இருக்கவில்லை. 100 நாட்களுக்கும் மேற்பட்ட அரச கடிதங்கள் போயின. அங்கே பாவனையில் இருந்தது 2013ஆம் ஆண்டின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள். அதற்கான மைக்ரோசொஃப்ட்டின் ஆதரவு அதே வருடம் ஏப்ரல் 11இல் முடிந்திருந்தது.

அந்த விபத்தின் காரணம் வேறு: பழைய மென்பொருள், தாக்குதலில் சேர்ந்து பூட்டப்பட்ட பிரதிகள், தள்ளிப்போடப்பட்ட மேம்படுத்தல். ஆனால் கடிதம் அனுப்பியவர்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த 100 நாளுக்குள் அரச அலுவலகத்துக்கு மனு அனுப்பிய ஒருவரிடம், அனுப்பியதற்கான சான்று அவருடைய சொந்தப் பெட்டியில் மட்டுமே மிஞ்சியிருக்கும். அவர்கள் பக்கத்தில் தொலைந்தாலும் எங்கள் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால், எங்கள் வழங்கி ஒவ்வொரு நாளும் தன் நிலையைச் சொல்ல வேண்டும், அது சொல்வது எங்கள் காதுக்கு வர வேண்டும்.

வழங்கியைப் பார்ப்பவரிடம் கேளுங்கள்

தொழில்நுட்பம் தெரியாவிட்டாலும், உங்கள் வழங்கியைப் பராமரிப்பவரிடம் இந்த ஐந்தையும் கேட்கலாம்:

1. நாளாந்த அறிக்கை எந்த வாசலால் போகிறது? அது வடிகட்டிக்குள் போகிறதா?

2. விலக்கு அனுப்புநர் பெயருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, உள்வாசலுக்கா?

3. தனிமைப்படுத்தப்பட்ட கடிதங்கள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன? யார் பார்க்கிறார்?

4. இணையத்தளம் அதே உள்வாசலைப் பாவிக்கிறதா?

5. அறிக்கை வராவிட்டால் யாருக்கு, எப்படித் தெரியவரும்?

ஐந்தாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. ஏதாவது நடந்தால் மட்டும் அறிவிக்கும் முறையில், ஒன்றும் நடக்காததும் அறிவிப்பு தொலைந்ததும் பார்ப்பவருக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் ஒன்றும் நடக்காத நாளிலும் "இன்று எல்லாம் சரி" என்று ஒரு சிறிய கடிதம் வரும்படி செய்யுங்கள். காலை 8 மணிக்குள் அது வரவில்லையென்றால் கூப்பிட வேண்டிய தொலைபேசி இலக்கத்தை, கணினி இருக்கும் மேசைக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டுங்கள். வழங்கியை நிறுவியவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாலும், அந்தத் தாள் சுவரில் இருக்கும்.